வேலூர் மாதிரி ஊரில் எஃப்எம் போட்டி: நேயரைப் பிடிக்கவும் தக்கவைக்கவும் முழுமையான வழிகாட்டி

வேலூரில் ஓர் எஃப்எம் நிலையம் பக்கத்து நிலையத்தை சிக்னல் பலத்தால் ஜெயிக்க முடியாது. அரசின் எஃப்எம் கொள்கைப்படி 3 லட்சம் முதல் 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரங்கள் சி பிரிவு. 2011 கணக்கெடுப்பில் வேலூர் நகர்ப்பகுதியின் மக்கள்தொகை சுமார் 4.8 லட்சம். சி பிரிவுக்கு அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் 3 முதல் 10 கிலோவாட், ஆன்டெனா உயரம் 30 முதல் 75 மீட்டர். தனியார் நிலையங்கள் எல்லாம் ஒரே பொதுக் கோபுரத்தில் ஒரே ஆன்டெனாவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் விதி. ஆக, எல்லாருக்கும் எட்டும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டும் ஒன்றுதான், வெள்ளிக்கிழமை வெளியாகும் பாட்டு எல்லா நிலையத்துக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடும்.

மிச்சம் இருப்பது மூன்று: ஊரின் நேரத்தை அறிந்து பேசுவது, நேயர் ஸ்டேஷன் மாற்றுவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போடுவது, ஊருக்குத் தேவையான தகவலை முதலில், தப்பில்லாமல் சொல்வது. மும்பை, டெல்லி, பெங்களூர் மாதிரி நகரங்களில் டைரி முறையில் நேயர் அளவீடு நடந்தது. வேலூர் அளவுள்ள ஊர்களுக்கு அது வரவே இல்லை. அதனால் இங்கே எல்லா நிலையமும் தன்னை நம்பர் ஒன் என்று சொல்லிக்கொள்ளும். உங்களுக்கு உண்மை தெரிய வேண்டுமென்றால் நீங்களேதான் அளக்க வேண்டும்.

படி 1: எங்கே கேட்கிறது என்று வண்டியில் போய்ப் பாருங்கள்

எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் ரேடியோ இருக்கும் உயரத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 75 மீட்டர் ஆன்டெனா, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கார் ரேடியோ என்றால் சுமார் 40 கிலோமீட்டர். காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம் இந்த வட்டத்துக்குள் வரும். 50 கிலோமீட்டரில் இருக்கும் ஆம்பூர் வராது. ஆங்காங்கே மேட்டில் கேட்டால் அது போனஸ். ஆம்பூர் கடைக்காரரிடம் விளம்பரம் வாங்கிவிட்டு, அவர் கடையிலேயே நம் நிலையம் இரைந்தால் அடுத்த வருடம் அவர் கதவு திறக்காது.

இந்தச் சமன்பாடு மலையைக் கணக்கில் எடுக்காது. வேலூரைச் சுற்றி மொட்டைப் பாறை மலைகள். மலைக்குப் பின்னால் சிக்னல் திடீரென்று விழும். பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் மோதினால், வண்டி ஓடும்போது குரல் படபடவென்று துடிக்கும். சோதனைக்கு ஒரே கார், ஒரே ரேடியோ, இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, மற்றவர் 500 மீட்டருக்கு ஒரு தடவை உங்கள் நிலையத்துக்கும் போட்டி நிலையத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் எழுத வேண்டும். காட்பாடி–பாகாயம், ஆற்காடு ரோடு, குடியாத்தம் ரோடு, சித்தூர் ரோடு, அணைக்கட்டுப் பக்கம் என ஐந்து தடங்கள் போதும்.

ஒரே கோபுரத்தில் இருந்தும் போட்டியாளர் தெளிவாகக் கேட்டு நீங்கள் மங்கலாகக் கேட்டால் கோளாறு உங்கள் வீட்டில்தான். அனுமதித்த திறன் முழுதாகப் போகிறதா, கேபிளில் திரும்பி வரும் திறன் எவ்வளவு என்று பொறியாளரிடம் கேளுங்கள். அதைக் காட்டும் அளவு விஎஸ்டபிள்யூஆர்; அது 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது என்று அர்த்தம். அது ஏறிக்கொண்டே போனால் மழைக்காலத்தில் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மே மாத வேலூர் வெயிலில் டிரான்ஸ்மிட்டர் அறையின் ஏசி நின்றால் கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைக்கும். ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாது, குடியாத்தத்தில் தெரியும்.

படி 2: 400 பேரிடம் நேற்றைப் பற்றிக் கேளுங்கள்

இந்த வேலையைத்தான் பெரும்பாலான நிலையங்கள் தவிர்க்கின்றன, அல்லது ஒப்புக்குச் செய்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 400 பேர். சீராகத் தேர்ந்தெடுத்த 400 பேர் என்றால் பிழை சுமார் ஐந்து சதவீதப் புள்ளி. தெருவில் நிறுத்திக் கேட்பது அவ்வளவு சுத்தமான மாதிரி கிடையாது, ஆனாலும் இடங்களைப் பரப்பினால் உபயோகமாகும். புதிய பஸ் ஸ்டாண்ட், லாங் பஜார், காட்பாடி ஸ்டேஷன், சத்துவாச்சாரி குடியிருப்புகள், ராணிப்பேட்டை சிப்காட் வாசல், ஆற்காடு, குடியாத்தம். ஓர் இடத்தில் 60 பேருக்கு மேல் வேண்டாம். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். விட்டுவிட்டால் டீக்கடை ஆண்களின் ரசனைதான் ஊர் ரசனை என்று முடிவாகிவிடும். சிஎம்சி மருத்துவமனை வாசலில் நின்றால் ஜாக்கிரதை: அங்கே வருகிறவர்களில் வங்காளம், ஜார்க்கண்ட், ஆந்திராவிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்கள் ஏராளம். “நீங்க வேலூர்ல குடியிருக்கீங்களா?” என்பதே முதல் கேள்வி.

கேள்வி கேட்கிறவர் உங்கள் நிலையத்தின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. நம் ஊர்க்காரர்கள் எதிரே நிற்பவர் மனம் நோகக் கூடாதென்று உங்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள். “எந்த எஃப்எம் பிடிக்கும்?” என்ற கேள்வியும் வேண்டாம். “நேத்து ரேடியோ கேட்டீங்களா? எங்க, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? எந்த ஸ்டேஷன்?” இவ்வளவுதான். ஒரு சிக்கல் உண்டு: பலர் எல்லா எஃப்எம்முக்கும் பிரபலமான ஒரு பெயரையே சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு நிலையத்தின் ஜிங்கிளையும், அதாவது அதன் பெயர் சொல்லும் குட்டி இசையை, போனில் ஐந்து விநாடி போட்டுக்காட்டி “இதுவா?” என்று உறுதிசெய்யுங்கள். போட்டுக்காட்டும் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்.

கணக்கைப் பார்ப்போம், இது உதாரணத்துக்கு மட்டும். 400 பேரில் 140 பேர் நேற்று ரேடியோ கேட்டார்கள். உங்களைக் கேட்டவர் 70 பேர், சராசரி 50 நிமிடம்: 3,500 நிமிடம். போட்டியாளரைக் கேட்டவர் 60 பேர், சராசரி 75 நிமிடம்: 4,500. மற்றவை 2,000. மொத்தம் 10,000. ஆள் கணக்கில் நீங்கள் முதலிடம். நேரக் கணக்கில் உங்கள் பங்கு 35 சதவீதம், அவர் பங்கு 45. ஆளை இழுக்கிறீர்கள், உட்காரவைக்க முடியவில்லை. அப்போது ஊரெல்லாம் பேனர் வைப்பது வீண் செலவு. நோய் நிகழ்ச்சிக்குள் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, கேட்பவர் குறைவு, ஆனால் நீண்ட நேரம் கேட்கிறார்கள் என்றால் நிகழ்ச்சியைத் தொடாதீர்கள். பேனருக்கும் ஆட்டோ ஸ்டிக்கருக்கும் பணத்தைக் கொடுங்கள்.

140 பேருக்குள் பங்கு கணக்கிடும்போது பிழை எட்டுப் புள்ளிக்கு மேல் போகும். மூன்று புள்ளி ஏறியதற்குக் கேக் வெட்டாதீர்கள். நான்கு புள்ளி இறங்கியதற்கு ஆர்ஜேயை மாற்றாதீர்கள். அடுத்தடுத்த மூன்று சர்வேயில் ஒரே திசையில் நகர்ந்தால் மட்டும் நம்புங்கள்.

படி 3: ஊர் எழுந்திருக்கும் நேரத்தை எழுதுங்கள்

சென்னையில் தயாரான நிகழ்ச்சி நேரம் வேலூருக்குப் பொருந்தாது. சென்னையில் காலை ஒன்பதரைக்கு சாலை நிறைந்திருக்கும். இங்கே தோல், ஷூ தொழிற்சாலை பஸ்கள் அதற்கு வெகுமுன்பே கிராமம் கிராமமாக ஆளேற்றி முடித்துவிடும். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் அந்த பஸ்களில் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த பஸ்ஸின் டிரைவர் யாரை வைக்கிறாரோ அதுதான் ஐம்பது பேரின் ரேடியோ. உங்கள் காலை நிகழ்ச்சி ஏழு மணிக்குச் சூடு பிடித்தால் பாதி பஸ் உள்ளே போயிருக்கும். ஆறு மணிக்கே முழு வேகத்தில் இருக்க வேண்டும். டிரைவர்களின் பெயரைச் சொல்லி, ரூட்டைச் சொல்லி வாழ்த்துங்கள். ஒரு பேனர் செய்யாததை அது செய்யும்.

பத்து முதல் ஒரு மணி வரை வீடு, தையல் கடை, ஜெராக்ஸ் கடை, குடியாத்தத்தில் கைத்தறிக் கூடம். இவர்கள் ஸ்டேஷனை மாற்ற எழுந்து வருவதில்லை. அவர்களை மாற்ற வைப்பது ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருவதும், நீளமான விளம்பரமும்தான். மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை காலைக் கூட்டம் திரும்பும், ஆனால் களைப்போடு. காலையில் எடுபடும் கலகல பேச்சு அப்போது எரிச்சலூட்டும். இரவு ஒன்பதுக்கு மேல் எண்பது தொண்ணூறுகளின் பாட்டு, குறைந்த பேச்சு. வாட்ச்மேன், நர்ஸ், லாரி டிரைவர், படிக்கும் பிள்ளைகள் என்று அந்தக் கூட்டம் சிறியது, ஆனால் விசுவாசமானது.

ரம்ஜான் மாதத்தில் இந்த அட்டவணை தலைகீழ். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் நகரத்தின் பல தெருக்கள் சஹருக்கு அதிகாலை மூன்றரைக்கே விழித்திருக்கும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரை ஓடவிட்டுத் தூங்கும் நிலையம் ஒரு மாதத்து நேயரை இழக்கிறது. மே மாத நடுவில், வைகாசி முதல் நாளையொட்டி, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கார்த்திகை தீபத்துக்கு வேலூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் கூட்டம். இந்த நாட்களில் ஸ்டுடியோவை விட்டு வெளியே வாருங்கள்.

படி 4: பாட்டுக் கணக்கு

வழக்கமான மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: பாட்டு 40 நிமிடம், விளம்பரம் 12, பேச்சு 6, ஜிங்கிள் 2. நம் சினிமாப் பாட்டு சராசரி நாலரை நிமிடம் என்றால் ஒன்பது பாட்டு. காலை நிகழ்ச்சியில் ஒரு பாட்டைக் குறைத்துப் பேச்சைப் பத்து நிமிடம் ஆக்கலாம்.

ஒன்பது பாட்டில் இரண்டு புத்தம்புது ஹிட், இரண்டு கடந்த ஒன்றிரண்டு வருடத்தவை, மிச்சம் ஐந்து பழையவை. பழையவற்றுக்குள் இளையராஜா, தேவா, ரஹ்மான் காலங்கள் கலந்திருக்கட்டும். புது ஹிட் பட்டியலில் எத்தனை பாட்டு வைப்பது என்பதில் எல்லாரும் சறுக்குகிறார்கள். எட்டுப் பாட்டு வைத்து மணிக்கு இரண்டு போட்டால் ஒவ்வொரு பாட்டும் சரியாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். 24ஐ நான்கு மீதியில்லாமல் வகுக்கும். ஆகவே அதே பாட்டு தினமும் அதே 8:10க்கு, அதே பஸ்ஸில், அதே பெண்களுக்குக் கேட்கும். ஒரே வாரத்தில் “எப்பப் பாத்தாலும் இதே பாட்டுதான்” என்ற பெயர் வந்துவிடும். பட்டியலை ஏழு ஆக்குங்கள், அல்லது பதினொன்று. நாளுக்கு 48 இடம். ஏழால் வகுத்தால் மீதி ஆறு, அதனால் பாட்டின் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பாட்டைக் குறைத்தாலே புகார் குறையும் என்பது பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும்; மென்பொருளில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

பழைய பாட்டு இருப்பு 400க்குள் இருக்கட்டும். 2,000 பாட்டு வைத்திருக்கிறோம் என்பது பெருமை கிடையாது; 401ஆவது பாட்டிலிருந்து நேயருக்குத் தெரியாத பாட்டு தொடங்கிவிடும், தெரியாத பாட்டுக்குக் கை ரேடியோவை நோக்கிப் போகும். ஒவ்வொரு பாட்டின் முதல் எட்டு விநாடியை மட்டும் போட்டு முப்பது பேரிடம் “வைக்கவா, மாத்தவா?” என்று கேளுங்கள். மூன்றில் ஒருவர் மாற்றச் சொன்னால் பட்டியலிலிருந்து எடுங்கள். அடுத்தடுத்து இரண்டு மெதுவான பாட்டு, ஒரே பாடகர், ஒரே நடிகர் வராமல் விதி போடுங்கள்.

படி 5: பேச்சும் தகவலும், போட்டி தீர்மானமாகும் இடம்

ஆர்ஜேயின் ஒரு லிங்க், அதாவது பாட்டுக்கு நடுவே பேசும் ஒரு துண்டு, 60 விநாடிக்குள் முடிய வேண்டும். அதில் ஒரே விஷயம். “வணக்கம் வேலூர்” என்று சொல்லிவிட்டு சென்னை மவுண்ட் ரோடு நெரிசலைப் பற்றிப் பேசினால் நேயருக்கு உடனே தெரிந்துவிடும், இந்தக் குரல் சென்னையில் உட்கார்ந்திருக்கிறது என்று. பெரிய நிறுவனங்கள் செலவைக் குறைக்க ஒரே நிகழ்ச்சியைப் பல ஊருக்கு அனுப்புகின்றன. அரசின் மூன்றாம் கட்ட எஃப்எம் கொள்கை அதற்கு இடம் தருகிறது. போட்டியாளர் அப்படிச் செய்யும் மணி நேரம்தான் உங்கள் வாய்ப்பு. அவர் எந்த நேரம் சென்னையிலிருந்து வாங்குகிறார் என்று ஒரு வாரம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உங்கள் உள்ளூர்க் குரலை வையுங்கள்: கிரீன் சர்க்கிளில் வண்டி நிற்கிறதா, காட்பாடி மேம்பாலம் எப்படி, நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக்கத்திரி என்ன விலை.

தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். ஆனால் போக்குவரத்து, வானிலை, மின்தடை, குடிநீர், தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, திருவிழா, நிர்வாகம் தரும் பேரிடர், சுகாதார எச்சரிக்கைகள் செய்தி என்ற கணக்கில் வராது. இந்தப் பட்டியலில் இருப்பவைதான் வேலூர்க்காரருக்கு அன்றாடம் வேண்டியவை. இதைச் சரியாகச் செய்கிற நிலையம் செய்தி இல்லாமலே ஊரின் நிலையமாகிவிடும்.

பெரிய மழை நாள்தான் இதற்குப் பரீட்சை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்ட மாதிரி நாட்களில் வழக்கமாக ரேடியோ கேட்காதவர்களும் வைப்பார்கள். அதிகாலை ஐந்தரைக்கு எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: இன்றைக்கு ஸ்கூல் உண்டா? இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பழைய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. கலெக்டர் மூன்று பேர், உத்தரவும் மூன்று. உங்கள் அலை மாவட்ட எல்லை பார்த்து நிற்காது. “வேலூரில் விடுமுறை” என்று மொட்டையாகச் சொன்னால் வாலாஜா தாய் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுவார். அங்கே பள்ளி நடக்கும். சொல்லும் முறை இது: மாவட்டத்தின் பெயர் முதலில், பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்குமா என்பது அடுத்து, யார் அறிவித்தார் என்பது மூன்றாவது, கடைசியில் மாவட்டத்தின் பெயர் மறுபடி. உத்தரவு வராத மாவட்டத்துக்கு “இதுவரை அறிவிப்பு இல்லை” என்று சொல்லுங்கள், அதுவும் தகவல்தான். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை நம்பிச் சொல்லாதீர்கள், போன வருட உத்தரவு தேதி வெட்டப்பட்டு மழைக்கு மழை சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலகங்களின் எண்ணும் கன்ட்ரோல் அறைச் சுவரில் இருக்கட்டும். இரண்டு நிமிடம் தாமதமானாலும் சரியாகச் சொன்னவரைத்தான் அடுத்த மழைக்கு வைப்பார்கள்.

மின்தடை அறிவிப்பிலும் அதே ஒழுங்கு: துணை மின்நிலையத்தின் பெயர் யாருக்கும் தெரியாது, தெருப் பெயரைச் சொல்லுங்கள்.

நேயர் போன் நேரலை என்றால் ஏழு விநாடித் தாமதக் கருவி கட்டாயம் வையுங்கள். தேர்தல் நேரத்தில் பதிவுசெய்த பிறகே போடுங்கள். ஒலிபரப்பிய அனைத்தின் பதிவையும் குறைந்தது மூன்று மாதம் வைத்திருங்கள்.

ஒலித்தரம்

டீக்கடை ரேடியோ மோனோ, ஒற்றை ஸ்பீக்கர். ஸ்டுடியோவில் பெரிய ஸ்பீக்கரில் பிரமாதமாக இருக்கும் விரிந்த ஸ்டீரியோ, மோனோவில் குரலை விழுங்கிவிடும். ஏதாவது ஒரு கேபிளில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் குரல் மொத்தமாகக் காணாமல் போய் இசை மட்டும் நிற்கும். தினமும் ஒரு தடவை மலிவான ரேடியோவில் கேளுங்கள். போட்டியாளரைவிட சத்தமாக இருக்க வேண்டுமென்று ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தும் பிராசஸரை முறுக்கினால் முதல் பத்து நிமிடம் பளிச்சென்று இருக்கும். ஒரு மணி நேரத்தில் காது சலித்துப்போகும். நேரக் கணக்கில் தோற்கும் நிலையங்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் திருகைத்தான். யூடியூபிலிருந்து இறக்கிய பாட்டை ஏற்றாதீர்கள், ஏற்கனவே நசுங்கிய ஒலி பிராசஸருக்குள் போனால் தகரம் மாதிரி வரும். 20 விநாடி மௌனம் வந்தால் தானாக அவசரப் பாட்டுப் பட்டியல் ஓடும்படி வைத்திருங்கள்.

விளம்பரத்தை எங்கே நிறுத்துவது

12 நிமிடம் என்றால் பத்து விநாடி ஸ்பாட், அதாவது விளம்பரத் துண்டு, மணிக்கு 72. மூன்று மூன்று நிமிடமாக நான்கு இடைவேளை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் விற்பனைக்காரர்கள் 18 நிமிடம் கேட்பார்கள். கொடுத்தால் அந்த மாதம் கல்லா நிறையும், நேயர் பழக்கம் உடையும், பொங்கலுக்குத் திரும்பி வர மாட்டார். அதற்குப் பதிலாக விலையை ஏற்றுங்கள். இந்த ஊரில் நேர்மாறாகத்தான் நடக்கிறது: ஜவுளிக் கடைக்கு நூறு ஸ்பாட் விற்று நூறு இலவசம் தருகிறார்கள். இலவச ஸ்பாட்டும் நேயரின் பொறுமையைத்தான் தின்கிறது, உங்கள் விலையையும் நிரந்தரமாகப் பாதியாக்கிவிடுகிறது. மத்திய அரசு விளம்பரத்துக்கான அடிப்படை விலையே 2023இல் பத்து விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆக உயர்ந்தது. அதற்குக் கீழே தனியாருக்கு விற்பவர் யோசிக்க வேண்டும்.

ஒரே நகைக்கடையின் விளம்பரம் ஒரு மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். அதே கடையின் மூன்று விதமான ஸ்பாட்டைச் செய்து கொடுங்கள், அதில் ஒன்று ஊர்ப் பேச்சில் இருக்கட்டும். விளம்பரத்தின் ஒலி அளவும் பாட்டின் அளவும் சமமாக இருக்கட்டும். திடீரென்று அலறும் ஸ்பாட்டுக்குத்தான் டிரைவரின் கை முதலில் நீளும்.

பரிசுப் போட்டி

பரிசு நேயரைக் கொண்டுவரும், தங்க வைக்காது. எல்லா நிலையத்துக்கும் போன் போட்டு ஜெயிக்கும் ஒரே கூட்டம் ஊரில் உண்டு. ஒருமுறை ஜெயித்த எண் 30 நாளுக்குத் தகுதியில்லை என்று அறிவித்துவிடுங்கள். ஒரு பெரிய பைக்கைவிட நாற்பது சின்னப் பரிசு மேல். ஜெயித்தவரின் தெருவில் நாற்பது பேருக்குத் தெரியும்.

போட்டியாளர் அசையும்போது

அவர் புது ஆர்ஜே கொண்டுவந்தால், பெயர் மாற்றினால், பாட்டை மாற்றினால் நான்கு வாரம் எதையும் தொடாதீர்கள். அவருடைய பழைய நேயர்களில் ஒரு பகுதிக்கு அந்த மாற்றம் பிடிக்காது. அவர்கள் உங்களிடம் வரும்போது நீங்கள் நேற்று இருந்த மாதிரியே இருக்க வேண்டும். உங்கள் காலை ஆர்ஜேயை மாற்றுவதாக இருந்தால், அவர் வந்து ஆறு மாதத்துக்குள் வேண்டாம். ஊர் ஒரு குரலுக்குப் பழக அவ்வளவு காலம் பிடிக்கும்.

சமுதாய வானொலியைப் போட்டியாளராக எண்ண வேண்டாம். அவற்றுக்கு 100 வாட், 30 மீட்டர் ஆன்டெனாதான் அனுமதி. நல்ல உள்ளூர்க் குரல்கள் அங்கேதான் முதலில் பழகுகின்றன என்பதால் தவறாமல் கேளுங்கள்.

அடுத்த போட்டி வேறு பக்கத்திலிருந்து வரும். 2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை 234 ஊர்களில் 730 எஃப்எம் அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. பட்டியலில் திருவண்ணாமலையும் வாணியம்பாடியும் இருக்கின்றன. வாணியம்பாடியில் நிலையம் வந்தால் ஆம்பூர் அவர்கள் கைக்குப் போகும். திருவண்ணாமலையில் வந்தால் போளூர்ப் பக்கம் மெலியும். அந்த ஓரங்களில் விளம்பரம் விற்றிருப்பவர்கள் இப்போதே ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தத்தில் வாடிக்கையாளர் எண்ணிக்கையைக் கூட்டத் தொடங்குங்கள். அடுத்த சர்வேயில் அந்த மூன்று ஊருக்கும் தலா 60 பேர் என்ற ஒதுக்கீட்டைக் குறைக்காதீர்கள்.